மூலிகைக் கிறீம் பூசி முகம் தடித்தால்: எந்தச் செடி ஒத்துக்கொள்ளவில்லை என்று பிடிக்கும் முறை

"மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று சொல்லி விற்கும் கிறீமில் கறுவா எண்ணெய் இருக்கலாம், கராம்பு எண்ணெய் இருக்கலாம். இரண்டும் செடியிலிருந்து வந்தவைதான். தோல் ஒவ்வாமையைக் கிளப்புவதில் இரண்டுமே கெட்ட பெயர் எடுத்தவை. அதற்காக ஒருமுறை முகம் தடித்ததும் மஞ்சள், வேம்பு, கற்றாழை எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கி வீசத் தேவையில்லை. எந்தச் சாமான், அதில் எந்தப் பொருள் என்று பிடித்துவிட்டால் மிச்சத்தைப் பயமில்லாமல் பாவிக்கலாம். பிடிப்பதற்குச் சில வாரங்கள், சாமான் பல என்றால் சில மாதங்கள்கூடப் பொறுமை வேண்டும். செலவு அதிகமில்லை.

நேரத்தை வைத்து வகை பிரியுங்கள்

பூசிய சில நிமிடத்திலிருந்து சில மணித்தியாலத்துக்குள் எரிந்து, பூசிய இடம் மட்டும் சிவந்தால் அது பெரும்பாலும் எரிச்சல். அளவு கூடினால் யாருக்கும் வரும். முடி கொட்டிய இடத்தில் வெள்ளைப்பூடு அரைத்துத் தேய்ப்பதும், யூகலிப்டஸ் தைலத்தைக் கலக்காமல் அப்படியே பூசுவதும் இந்த வகை. வெள்ளைப்பூட்டை வைத்துக் கட்டிவிட்டுப் படுத்தால் தீக்காயம் போலக் கொப்புளமே எழும்பும்.

உண்மையான தொடு ஒவ்வாமை தாமதமாக வரும். பூசி 1 முதல் 3 நாள் கழித்துத்தான் அரிப்பு தொடங்கும். எரிவை விட அரிப்பு தூக்கலாக இருக்கும், பூசிய எல்லையைத் தாண்டியும் பரவும். இதில்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். "ஆறு மாசமா இதைத்தானே பூசுறேன், இப்ப மட்டும் எப்படி?" என்று கேட்பார்கள். ஒரு பொருளை எதிரியாக அடையாளம் காண உடம்புக்குக் குறைந்தது 10 முதல் 14 நாள் வேண்டும். பலருக்கு மாதங்கள், வருடங்கள்கூட ஆகும். அதுவரை ஒன்றும் தெரியாது. அடையாளம் கண்டபிறகு அந்த நினைவு பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும், சின்ன அளவே போதும். ஆகவே நேற்று வாங்கியதை மட்டும் சந்தேகிக்காதீர்கள். பழைய போத்தலும் விசாரணைக்குள் வரவேண்டும்.

மூன்றாவது வகை, பூசி ஒரு மணித்தியாலத்துக்குள் பூச்சி கடித்தது போலத் திட்டுத் திட்டாகத் தடித்து, சில மணித்தியாலத்தில் அடங்கிவிடுவது. செடியின் புரதங்கள் இதைச் செய்யும். ஜப்பானில் தேயிலையின் பெயர் வைத்து விற்ற ஒரு முகச் சவர்க்காரத்தால் 2,000க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. நுரைக்காகவும் ஈரப்பதத்துக்காகவும் அதில் சேர்த்திருந்த, உடைத்த கோதுமைப் புரதம்தான் காரணம். தினமும் முகம் கழுவியவர்களுக்குப் பிறகு பாணும் நூடில்ஸும் சாப்பிட்டாலே உடம்பு தடித்தது, சிலருக்கு மூச்சும் இறுக்கியது. 2011இல் அந்தச் சவர்க்காரத்தைத் திரும்பப் பெற்றார்கள். பெட்டியின் முகப்பில் இருக்கும் செடி வேறு, உள்ளே வேலை காட்டுகிற செடி வேறாக இருக்கலாம். சாமானைத் திருப்பி, பின்பக்கத்தைப் படிக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

வெயிலோடு சேர்ந்து வேலை செய்பவை

இலங்கை மலையகத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 வீதம் கூடும். குளிராக இருப்பதால் வெயில் சுடுவது தெரியாது. மூட்டமான நாளிலும் கதிர் மேகத்தைக் கடந்து வரும்.

தேசிக்காயில், சாற்றை விடத் தோலில் அதிகமாக, பியூரானோகூமரின் என்ற பொருட்கள் உண்டு. முகத்தில், கழுத்தில் தேசிக்காய் தேய்த்துவிட்டு அடுத்த ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் மலைக்கு ஏறினால், ஒரு நாள் கழித்துச் சிவந்து எரியும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், கொப்புளமும் வரலாம். பிறகு சாறு வழிந்த கோட்டிலேயே கபில நிறத் தழும்பு விழுந்து, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். முகம் வெளுக்க வேண்டும் என்று தேய்த்தது, கறுப்பாக்கிவிட்டுப் போகும். இது ஒவ்வாமை அல்ல, யார் தோலிலும் நடக்கும். எனவே "எனக்கு ஒத்துக்கொள்ளும்" என்ற அனுபவம் இங்கே பாதுகாப்பாகாது. அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் தேசிக்காய் தேய்ப்பவர்கள் கால் மறைய உடுத்திக்கொள்ள வேண்டும். தேய்த்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் முகத்தைத் துடைக்கக்கூடாது.

குளியல் பொடியிலும், நலங்கு மாவிலும் சேரும் கார்போகரிசி இதே குடும்ப வேலையைச் செய்கிறது. அதில் பியூரானோகூமரின் வகையான சோராலென் இருக்கிறது. வெண்புள்ளிக்கு அந்த எண்ணெயைப் பூசி வெயில் காட்டச் சொல்வதே இதனால்தான். கார்போகரிசி சேர்ந்த பொடியைக் காலையில் தேய்த்துக் குளித்துவிட்டு வெளிவேலைக்குப் போகாதீர்கள். பொடி அரைக்கக் கொடுக்கும்போதே அதை விட்டுவிடச் சொல்வது இன்னும் நல்லது. மணத்துக்கோ நுரைக்கோ அது இல்லாமல் குறை ஒன்றும் வராது.

இடத்தைப் பார்த்து ஆளைப் பிடியுங்கள்

கண்ணிமை தடித்தால் கண் மை மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். இமைத் தோல் மிக மெல்லியது. தலையில் பூசிய மூலிகை எண்ணெய் வழிந்தும், ஷாம்பூ வடிந்தும், கையில் இருந்த பொருள் ஒட்டியும் அங்கே முதலில் தெரியும். உச்சந்தலை தடிப்பான தோல், ஒன்றும் காட்டாமல் இருந்துவிடும். முடியோரமும் காதுக்குப் பின்புறமும் என்றால் தலைச் சாயம். உதடும் வாயோரமும் வெடித்தால் லிப்ஸ்டிக்கோடு சேர்த்துப் பற்பசையையும் பாருங்கள். கராம்பு, கறுவா, புதினா போட்ட பற்பசைகள் இதைச் செய்யும். கழுத்து என்றால் சென்ட். புருவ நடு என்றால் குங்குமம், சந்தனம், ஒட்டுப்பொட்டு. ஒட்டுப்பொட்டில் குற்றவாளி பெரும்பாலும் பசை, செடி அல்ல.

கொழுந்து எடுப்பவர்களுக்கு நெற்றியின் மேலே, முடியோரத்தில், கோடு போட்டது போல வந்தால் கூடைக் கயிறு உராய்ந்த இடமா என்று முதலில் பாருங்கள். விறகு வெட்டி, மரம் கவ்வாத்துப் பண்ணிய மறுநாள் முன்கையிலும் முகத்திலும் அரித்தால், தோட்டத்து நிழல் மரமான கிரெவிலியாவும் ஒரு சந்தேக ஆள். மாங்காய்த் தோலில் உள்ளதைப் போன்ற, அரிப்பைக் கிளப்பும் பொருள் அதில் உண்டு. மருந்தடித்த மலையில் நின்ற நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கிறீமைத் துரத்தினால் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திருப்பி

தோலில் படும் எல்லாவற்றையும் ஒரு மேசையில் எடுத்து வையுங்கள்: சவர்க்காரம், ஷாம்பூ, தலையெண்ணெய், பவுடர், கிறீம், பற்பசை, கைத்தைலம், துணிக்குப் போடும் வாசனைத் திரவம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துங்கள். பதிலுக்கு மணமில்லாத சாதாரண சவர்க்காரம், வெள்ளைப் பெற்றோலியம் ஜெலி, வெறும் தேங்காயெண்ணெய், இவ்வளவே. தடிப்பு முழுதாக அடங்க 2 முதல் 4 வாரம் ஆகும். நான்காம் நாள் குறைந்துவிட்டது என்று பழைய கிறீமை எடுத்தால் கணக்கு முதலிலிருந்து.

தோல் சுத்தமான பிறகு ஒரு சாமானை மட்டும் எடுங்கள். மேற்கையின் உட்புறத்தில், சட்டைக் கை மறைக்கும் இடத்தில், பேனையால் 3 சென்ரிமீற்றர் சதுரம் கீறுங்கள். வழக்கமாகச் சொல்லும் இடம் முழங்கை மடிப்புத்தான். ஆனால் தேயிலைச் செடியும் மழைக் கோட்டும் அங்கே உராய்ந்து சும்மாவே சிவக்க வைக்கும், சோதனை குழம்பும். காலையும் மாலையும் ஒரு பயறு அளவு அதே சதுரத்தில் பூசுங்கள், கழுவாதீர்கள். 7 நாள் தொடருங்கள். ஒன்றும் இல்லையென்றால் 14 நாள்வரை போங்கள். மூன்றாம் நாளே அரித்துச் சிவந்தால் நிறுத்திவிட்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பூசிப் பார்த்து "ஒன்றும் செய்யவில்லை" என்று முடிவு கட்டுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. தாமத ஒவ்வாமை ஒரு நாளில் முகம் காட்டாது.

கையில் தேறினாலும் முகத்துக்கு உடனே போகாதீர்கள். காதுக்குப் பின்னால் மூன்று நாள், பிறகு தாடையோரத்தில் மூன்று நாள், அதன்பிறகு முகம்.

சவர்க்காரமும் ஷாம்பூவும் கழுவி விடும் சாமான்கள். அவற்றைப் பூசி விட்டுவைத்தால் யார் தோலும் எரியும். சதுரத்தில் நுரைக்க வைத்து, வழக்கமாக வைத்திருக்கும் நேரமே வைத்து, கழுவுங்கள். கலக்காத வாசனை எண்ணெய், கறுவா எண்ணெய், வெள்ளைப்பூடு ஆகியவற்றை இந்தச் சோதனைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

சோதனையில் ஒரு தந்திரமான சிக்கல் உண்டு. லேபலில் உற்பத்தியாளர் விலாசமே இல்லாத சில "மூலிகை வெள்ளைக் கிறீம்"களில் ஸ்டீரொயிட் மருந்தோ பாதரசமோ ஒளிந்திருக்கும். ஸ்டீரொயிட் தடிப்பை அமுக்கி வைக்கும். நிறுத்தியதும் முகம் முன்பைவிடச் சிவந்து கொதிக்கும். பாவித்தவர் "கிறீம் பூசினால்தான் அடங்குகிறது" என்று திரும்ப அதையே எடுப்பார். நிறுத்திய உடனே மோசமாகும் கிறீம்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டியது. அதைத் தொடராமல் போத்தலோடு வைத்தியரிடம் போங்கள். லேபல் இல்லாத சாமான் பற்றி முறையிட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 எண் இருக்கிறது.

லேபலில் தேட வேண்டியவை

பொருட்பட்டியல் ஆங்கில எழுத்தில், எறும்பு அளவில் இருக்கும். கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். செடிகளுக்கு இலத்தீன் பெயர் போட்டிருப்பார்கள்: கறுவாவுக்குச் சினமோமம், தேசி வகைகளுக்குச் சிட்ரஸ், சிட்ரொனெல்லாவுக்கும் சேரைக்கும் சிம்போபோகன், சந்தனத்துக்குச் சான்டலம். டீ ட்ரீ எண்ணெய்க்கு மெலலூக்கா. இது அவுஸ்திரேலிய மரம், நம் தேயிலைக்கும் அதற்கும் உறவில்லை. சாயத்தண்ணி ஒத்துக்கொள்வதால் அதுவும் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம்.

பட்டியலின் கடைசியில் லினலூல், லிமோனின், ஜெரானியோல், சிட்ரால், யூஜெனோல், சின்னமல் போன்றவை வரும். இவை செடியின் மணப் பொருட்கள். பூசி விட்டுவைக்கும் சாமானில் 0.001 வீதத்தையும், கழுவிவிடும் சாமானில் 0.01 வீதத்தையும் தாண்டினால் பெயர் போட வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். முதலில் 26 பொருட்களுக்கு இருந்த இந்த விதியை 2023இல் 80க்கு மேற்பட்டவற்றுக்கு விரித்தார்கள். ஆகவே ஐரோப்பாவுக்காகச் செய்த சாமானில் பட்டியல் நீளமாக இருக்கும். பட்டியல் நீளம் என்பதால் அது மோசம், வெறும் "பெர்ஃபியூம்" என்று ஒரு சொல் மட்டும் போட்ட சாமான் நல்லது என்று எண்ணக்கூடாது. அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனையும் அடங்கும். "அன்சென்டட்" என்று எழுதியதிலும் மணத்தை மறைக்க வேறு மணம் சேர்த்திருப்பதுண்டு. "ஃபிராகிரன்ஸ் ஃப்ரீ" என்பதைத் தேடுங்கள், பிறகும் பட்டியலைப் படியுங்கள்.

சில குடும்பங்களைச் சேர்த்தே நினைவில் வையுங்கள். நுவரெலியா, வெலிமடைப் பக்கம் செவ்வந்தி வளர்ப்பவர்கள், சலாது அறுப்பவர்கள் கையில் அரிப்பு வந்தவர்களாக இருந்தால், கமோமைல், கலெண்டுலா, ஆர்னிகா சேர்ந்த கிறீம்களைத் தொடாமல் இருப்பது நல்லது. எல்லாம் சூரியகாந்திக் குடும்பம். எரிக்கும் பொருளும் நெருங்கிய உறவு. "குழந்தைத் தோலுக்கு மென்மையானது" என்று எழுதியவற்றில்தான் கமோமைல் அதிகம். பைனஸ் மரப் பாலிலிருந்து வரும் பிசின் (ரொசின்) மயிர் நீக்கும் மெழுகுப் பட்டையிலும், சில பிளாஸ்டர் பசையிலும் இருக்கும். பிளாஸ்டர் ஒட்டிய இடம் சதுரமாகத் தடித்தவர்கள் மெழுகுப் பட்டையிலும் கவனமாக இருக்க வேண்டும்.

மருதாணி தனிக் கதை. சுத்த மருதாணிக்கு ஒவ்வாமை அரிது. முதலில் செம்மஞ்சளாகப் பிடித்து, ஒன்றிரண்டு நாளில் கபிலமாகக் கறுக்கும், கரியாகக் கறுக்காது. அரை மணித்தியாலத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கும் கோன் என்றால் உள்ளே தலைச் சாயப் பொருளான பிபிடி கலந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் கோலத்தின் வடிவத்திலேயே கொப்புளம் எழும்பும். அதைவிடப் பெரிய நட்டம், பிபிடிக்குத் தோல் பழகிவிட்டால் பிறகு ஆயுளுக்கும் கறுப்புத் தலைச்சாயம் போட முடியாமல் போகலாம். ஒருமுறை அப்படி வந்தவர்கள் தலைச் சாயத்தைச் சோதனைக்குக்கூடக் காதுக்குப் பின்னால் பூசாதீர்கள். கைக்குழந்தைக்கு மருதாணி வேண்டாம். ஜி6பிடி என்ற இரத்த நொதியம் பிறவியிலேயே குறைவாக உள்ள பிள்ளைக்குச் சுத்த மருதாணியே இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

வீட்டில் செய்வதானால்

வாசனை எண்ணெயைக் கலக்கும்போது 20 துளி ஏறத்தாழ 1 மில்லிலீற்றர். உடம்புக்கு 1 வீதம் என்றால் 30 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய்க்கு 6 துளி. முகத்துக்கு 3 துளிக்கு மேல் வேண்டாம். கறுவாப் பட்டை எண்ணெயைத் தோலுக்கான எதிலும் சேர்க்காதீர்கள். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும், நுவரெலியாவில் வருடத்தின் பெரும்பகுதி கட்டிதான். அரைகுறையாக உருகிய எண்ணெயில் துளியை விட்டால் அது ஒரு மூலையிலேயே தங்கி உறைந்துவிடும். மறுநாள் விரலால் வழிக்கும்போது அந்த மூலை கைக்கு வந்தால் முகத்தில் அந்த ஒரு இடம் மட்டும் எரியும். போத்தலைச் சுடுதண்ணீர்ச் சட்டியில் நிறுத்தி, கண்ணாடி போலத் தெளியும்வரை உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுத் துளி சேர்த்து, உறையும்வரை கிளறுங்கள்.

பழைய வாசனை எண்ணெய் புதியதை விட மோசம். லிமோனின், லினலூல் இரண்டும் சுத்தமாக இருக்கும்போது சாதுவானவை. காற்றுப் பட்டு ஆக்சிசனோடு சேர்ந்தபின் அவற்றில் உருவாகும் பொருட்கள்தான் ஒவ்வாமையை வலுவாகக் கிளப்பும். டீ ட்ரீ எண்ணெயும் அப்படியே. எனவே 10 மில்லிலீற்றர் சிறு போத்தலாக, கபிலக் கண்ணாடியில் வாங்குங்கள். திறந்த திகதியை எழுதி ஒட்டுங்கள். அடியில் கொஞ்சம் கிடந்து மணம் மாறியதை தரை துடைக்கும் தண்ணீரில் ஊற்றுங்கள், மேலில் பூசாதீர்கள்.

கற்றாழை மடலை வெட்டியதும் வழித்துப் பூசினால் அரிக்கும். தோலுக்கடியில் உள்ள மஞ்சள் பால்தான் காரணம். வெட்டுவாய் கீழே பார்க்க அரை மணித்தியாலம் சாய்த்து வடியவிட்டு, தோலை மஞ்சள் தெரியாத ஆழத்துக்குச் சீவி, சோற்றை மூன்று நான்கு தண்ணீரில் கழுவுங்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அன்றே பாவித்து முடியுங்கள்.

மஞ்சளைக் கிழங்காக வாங்கி உரசுங்கள். 2020இல் இறக்குமதி நின்று விலை ஏறியபோது கடைத் தூளில் கலப்படமும் ஏறியது. தூளால் வந்த தடிப்பு மஞ்சளாலா, மாவாலா, சாயத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது. நலங்கு மாவும் அதே சிக்கல்தான். எட்டுப் பத்துச் சரக்கை ஒன்றாக அரைத்தபிறகு குற்றவாளியைப் பிரிக்க வழியில்லை. சரக்குகளைத் தனித்தனிப் பொட்டலமாக அரைத்து வைத்து, பயற்றம் மாவில் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.

தடித்துவிட்டால்

முதலில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி எடுங்கள், தேய்க்காதீர்கள். சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து 10 முதல் 15 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை வையுங்கள். ஈரம் காயுமுன் பெற்றோலியம் ஜெலி மெல்லியதாகப் பூசுங்கள். 1 வீத ஹைட்ரோகோர்ட்டிசோன் கிறீமை வைத்தியரிடமோ பாமசிக்காரரிடமோ கேட்டுக்கொண்டு, நாளைக்கு இரண்டு தடவை, ஒரு வாரத்துக்கு மேற்படாமல் பாவிக்கலாம். கண்ணிமைக்கு வைத்தியர் சொன்னால் மட்டும். அதைவிட வலுவான ஸ்டீரொயிட் கிறீமை அடுத்த வீட்டில் இரவல் வாங்கி முகத்தில் போடவே கூடாது. பிரிட்டோன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசை திடீர்த் தடிப்புக்கு உதவும், தாமத ஒவ்வாமையின் அரிப்புக்கு அவ்வளவாகக் கேட்காது. நித்திரை வரவைக்கும் என்பதால் சரிவில் ஏறும் நாளில் பகலில் போடாதீர்கள். வேப்பிலை, மஞ்சள் பற்று எதுவும் இப்போது வேண்டாம். கிழிந்த தோலில் புதிய செடியைப் பூசுவது புதிய ஒவ்வாமைக்குக் கதவு திறப்பது.

உதடு, நாக்கு வீங்கினால், மூச்சு இறுக்கினால், தலை சுற்றி விழுந்தால் 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். கண் மூடும் அளவுக்கு வீக்கம், பரவும் கொப்புளம், சீழ், காய்ச்சல் என்றால் அன்றே ஆஸ்பத்திரி.

நிறுத்தியும் ஒரு மாதத்தில் அடங்காவிட்டால், அல்லது திரும்பத் திரும்ப வந்தால், தோட்ட டிஸ்பென்சரியிலோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ கடிதம் வாங்கிக்கொண்டு தோல் கிளினிக்குக்குப் போய்ப் பட்டைச் சோதனை (பேட்ச் டெஸ்ட்) பற்றிக் கேளுங்கள். முதுகில் சிறு சிறு பொருட்களை ஒட்டி 2 நாள் வைப்பார்கள். எடுத்ததும் ஒருமுறை பார்ப்பார்கள், நான்காம் நாளளவில் மறுமுறை பார்ப்பார்கள். இரண்டாவது பார்வைக்குப் போகாமல் விட்டால் சோதனை பாதியில் நின்றதாகும். பல ஒவ்வாமைகள் அப்போதுதான் தெரியும். அந்த வாரம் முழுதும் முதுகு நனையக்கூடாது, வியர்க்கக்கூடாது, கூடை போடக்கூடாது. லீவுக்கு முன்கூட்டியே சொல்லி, அடைமழைக் காலம் தவிர்த்துத் திகதி எடுங்கள். முதுகில் ஸ்டீரொயிட் கிறீம் பூசியிருந்தாலோ, பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை எடுத்தாலோ முன்பே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். பாவித்த எல்லாச் சாமானையும் பெட்டியோடு, வீட்டுப் பொடியையும் எண்ணெயையும் தனித்தனிப் பொட்டலத்தில் எடுத்துப் போங்கள். முடிவாகத் தரும் பொருட்பெயரை ஆங்கில எழுத்திலேயே எழுதி வாங்கிக் கைபேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். சலூனிலும் பாமசியிலும் லேபலோடு ஒப்பிட அந்த எழுத்துத்தான் தேவைப்படும்.